ஹாஸ்பிஸ் தேடும் குடும்பத்துக்கு: எதை முதலில் கேட்பது, எதை நேரில் பார்ப்பது

"இனி சிகிச்சை கொடுத்துப் பயனில்லை, கூட்டிக்கொண்டு போய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளியைக் கடைசிக் காலத்தில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சேவை) தேட ஆரம்பித்துவிடுவார். என் அப்பாவுக்காக நானும் அப்படித்தான் தேடினேன். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பல குடும்பங்களோடு இந்த இடங்களுக்குப் போய் வந்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கட்டடத்தையும் தோட்டத்தையும் முதலில் பார்க்கிறார்கள், வலி மருந்து பற்றிக் கடைசியில் கேட்கிறார்கள், பல பேர் கேட்பதே இல்லை.

தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து, பெரும்பாலும் புற்றுநோயை மனதில் கொண்டு எழுதுகிறேன். இதயம், சிறுநீரகம், நரம்பு நோய்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். உங்களிடம் ஒரு வாரம் இருந்தால் எல்லாப் படிகளையும் வரிசையாகச் செய்யுங்கள். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் 1, 4, 5, 6 மட்டும் போதும்.

1. முதலில் நோயாளியின் தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

இடத்தைத் தேடுவதற்கு முன்பு இதைச் செய்ய வேண்டும். வலி 10க்கு எத்தனை, எந்த நேரத்தில் அதிகம், ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார், மூச்சு வாங்குகிறதா, வாயால் சாப்பிட முடிகிறதா, மலம் போய் எத்தனை நாள் ஆச்சு, மூக்குக் குழாயோ யூரின் டியூபோ இருக்கிறதா, உடம்பில் புண் இருக்கிறதா, தானாகப் புரண்டு படுக்க முடியுமா. அவ்வளவும் ஒரே தாளில்.

காரணம் இதுதான்: "உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லா இடத்திலும் "பார்த்துக்கலாம்" என்றுதான் பதில் வரும். "வாய்ப் புற்றுநோய், கன்னத்தில் புண் வெளியே திறந்திருக்கிறது, நாற்றம் இருக்கிறது, தினம் டிரஸ்ஸிங் வேண்டும், யார் செய்வார்கள்?" என்று கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

அப்புறம் நோயாளியிடமே கேளுங்கள், எங்கே இருக்க ஆசை, எது இல்லாமல் முடியாது என்று. பாதிக் குடும்பங்கள் இதைச் செய்வதில்லை. என் அப்பா கேட்டது இரண்டே விஷயம்: ராத்திரி விளக்கை முழுசாக அணைக்கக் கூடாது, காலையில் வீட்டுக் காபி வேண்டும். கேட்டிருக்காவிட்டால் ஏ.சி. அறை தேடி அலைந்திருப்பேன்.

2. வீட்டுக்கு வருகிற குழுவா, படுக்கை உள்ள இடமா

ஹாஸ்பிஸ் என்றாலே ஒரு கட்டடம், அங்கே போனால் திரும்பி வருவதில்லை என்று நினைக்கிறோம். ஆனால் நல்ல பாலியேட்டிவ் கேர் (வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை) குழு வீட்டுக்கே வந்து பார்க்கும். தேவைப்பட்டால் வலியைக் கட்டுப்படுத்த ஒரு வாரம் பத்து நாள் படுக்கையில் வைத்துவிட்டு மறுபடி வீட்டுக்கு அனுப்பும். "வலி அடங்கியதும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, பிறகு மோசமானால் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். இதற்கு ஆமாம் என்கிற இடம், ஒரு படுக்கையை நிரப்புவதைத் தாண்டி யோசிக்கிற இடம்.

வீட்டில் மாறி மாறிப் பார்க்க இரண்டு பேர் இருந்து, வலியும் ஓரளவு கட்டுக்குள் இருந்தால் முதலில் வீட்டுச் சேவையைத் தேடுங்கள். ஒரே ஒருவர், அதுவும் வேலைக்குப் போகிறவர் அல்லது வயதான மனைவி என்றால் படுக்கை உள்ள இடம்தான் சரி. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை, 60 கிலோ உடம்பை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒருவர் தனியாகப் புரட்டிப் போட முடியாது.

அரசுத் தரப்பில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிற வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தனியார் இடத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றாலும், இடைப்பட்ட நாட்களுக்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஹோம் நர்ஸிங் ஏஜென்சி வேறு, பாலியேட்டிவ் குழு வேறு. ஏஜென்சி அனுப்புகிற பெண் குளிப்பாட்டுவார், ஊட்டுவார், டயப்பர் மாற்றுவார், அது பெரிய உதவிதான். ஆனால் வலி மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ அவரால் முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துவிட்டு, நோயாளி ராத்திரி முழுக்க முனகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

3. காகிதங்கள்

கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், கடைசியாக எடுத்த ஸ்கேன், இப்போது சாப்பிடுகிற மருந்துகளின் பட்டியல், ஆதார் நகல். இவற்றோடு, நோயைக் குணமாக்கும் சிகிச்சை முடிந்துவிட்டது, இனி ஆதரவுச் சிகிச்சைதான் என்று பழைய டாக்டர் எழுதிய கடிதம் ஒன்று. இந்தக் கடிதம் இல்லாமல் சேர்க்காத இடங்கள் உண்டு, அதை வாங்கத்தான் அதிக நாள் ஆகும் என்பதால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம், அலைச்சல் மிச்சம்.

4. போன் போடுங்கள்: முதல் கேள்வி மார்பின்

கிடைக்கிற எல்லா இடத்துக்கும் நேரில் போகாதீர்கள். முதலில் போன். முதல் கேள்வி: "உங்களிடம் மார்பின் மாத்திரை இருப்பில் இருக்கிறதா? ராத்திரியிலும் கொடுப்பீர்களா?"

இதை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு மார்பின்தான் அடிப்படை மருந்து, விலையும் குறைவு. போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இதை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். முன்பு போலப் பல துறைகளில் தனித்தனியாக உரிமம் வாங்கி அலைய வேண்டியதில்லை. அதனால் "சட்டச் சிக்கல் சார்" என்று சொல்கிற இடம், அந்த அங்கீகாரத்துக்கு முயற்சி எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வருகிற பதில்களை இப்படி எடுத்துக்கொள்ளுங்கள். "இருக்கு, டாக்டர் பார்த்துவிட்டு அளவு சொல்வார்" என்றால் நல்ல பதில். "நாங்கள் வைத்திருக்கவில்லை, ஆனால் பக்கத்து மருத்துவமனையோடு ஏற்பாடு இருக்கிறது" என்றால், ராத்திரி ஒரு மணிக்கு எப்படி வரும் என்று அடுத்த கேள்வி. "அதெல்லாம் கொடுத்தால் பழக்கமாகிவிடும்", "டிரமடால் போதும்", "வலி வந்தால் பென்டசோசின் ஊசி போடுவோம்" என்று சொன்னால் நன்றி சொல்லி போனை வையுங்கள். டிரமடால் மார்பினைவிட வீரியம் குறைந்த வலி மருந்து, அதற்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் கூட்டிப் பயனில்லை. பென்டசோசின் தொடர்ந்து இருக்கும் புற்றுநோய் வலிக்கு ஏற்ற மருந்தே இல்லை. இதில் ஒரு விலக்கு: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்பின் உடம்பில் தேங்கும் என்பதால் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் போன்ற வேறு வலி மருந்துக்குப் போவார்கள். காரணத்தோடு அப்படிச் சொன்னால் அது நல்ல டாக்டர் இருக்கிற இடம்.

மற்ற கேள்விகள் சின்னவை. புற்றுநோய் அல்லாதவர்களைச் சேர்ப்பீர்களா? குழாய் உள்ளவர்களை? கூட ஓர் ஆள் தங்கியே ஆக வேண்டுமா, அல்லது தங்கவே கூடாதா? இத்தனை நாள்தான் என்று வரம்பு உண்டா? இப்போது படுக்கை காலியா? ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து இடம் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும்.

5. ராத்திரி ஒரு போன்

மிச்சமிருக்கிற இடங்களுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு மேல், அவர்கள் கொடுத்த அதே எண்ணில் கூப்பிடுங்கள். யார் எடுக்கிறார் என்று பாருங்கள். நர்ஸ் எடுத்து, ஒரு நோயாளி சம்பந்தமாக என்றதும் நின்று பதில் சொன்னால் நல்லது. வாட்ச்மேன் எடுத்து "காலையில் கூப்பிடுங்க" என்றால், உள்ளே படுத்திருக்கிறவருக்கும் அந்த நேரத்தில் அதே பதில்தான் கிடைக்கும்.

என் அப்பாவை முதலில் சேர்த்த இடத்தில் எங்களுக்கு நடந்தது இதுதான். ராத்திரி ஒன்றே காலுக்கு வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். மருந்து அலமாரியில் இருந்தது. நர்ஸும் இருந்தார், நல்ல பெண்தான். ஆனால் "டாக்டர் எழுதித் தரல, காலையில் எட்டு மணிக்கு வருவார்" என்றார். அந்த ஏழு மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ராத்திரி டாக்டர் இருப்பாரா என்பது மட்டும் இல்லை. நிறைய நல்ல இடங்களில்கூட ராத்திரி டாக்டர் தங்குவதில்லை. "இடையில் வலி வந்தால் கொடுக்க எஸ்.ஓ.எஸ். மருந்து முன்கூட்டியே எழுதி வைத்திருப்பீர்களா, நர்ஸ் தானே கொடுக்கலாமா?" இதுதான் கேள்வி. சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணி நேரம். அதனால் வலி வந்த பிறகு என்று இல்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள், ராத்திரித் தூக்கம் கெடாமல் இருக்கப் படுக்கும்போது கொடுக்கும் அளவைக் கூட்டிக் கொடுப்பதும் உண்டு, இடையில் எகிறும் வலிக்குத் தனியாக ஒரு அளவு எழுதி வைப்பார்கள். இந்த மூன்றையும் நீங்கள் தூண்டாமலே விளக்குகிற நர்ஸ் இருந்தால் அந்த இடத்தின் பெயருக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

6. நேரில் போய்ப் பாருங்கள், இரண்டு முறை

ஒரு முறை சொல்லிவிட்டுப் போங்கள், காலையில். இன்னொரு முறை சொல்லாமல், சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில். பகலில் எட்டு பேர் நடமாடுகிற வார்டில் ராத்திரி ஒரே நர்ஸும் ஓர் ஆயாவும் இருப்பார்கள். எத்தனை படுக்கைக்கு அந்த இரண்டு பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைக் கவனியுங்கள். ஆறாத புண் உள்ளவர்கள் இருக்கிற இடத்தில் கொஞ்சமும் வாடையே இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆனால் நாற்றத்தைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினாலே பெரிய அளவில் குறையும், செலவும் பெரிதில்லை. புண் நாற்றத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று நர்ஸிடம் கேளுங்கள். மூத்திர வாடை வேறு. அது வந்தால் துணியும் டயப்பரும் நேரத்துக்கு மாற்றவில்லை என்று அர்த்தம். பினாயில் வாடை மூக்கைத் துளைத்தால் எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அடுத்து, படுத்திருப்பவர்களின் வாயைப் பாருங்கள். யாரும் இதைப் பார்ப்பதில்லை, எனக்கும் ஒரு வயதான நர்ஸ்தான் சொல்லிக் கொடுத்தார். உதடு வெடித்து, நாக்கு வெள்ளை படிந்து காய்ந்திருந்தால் அந்த வார்டில் வாய் சுத்தம் செய்வதில்லை. தானாகத் தண்ணீர் கேட்க முடியாதவருக்கு ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்து உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவ ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கிறவர்கள் மற்றதையும் செய்வார்கள்.

பிறகு முதுகும் குதிகாலும். பிறத்தியாரின் போர்வையை விலக்கிப் பார்க்க முடியாது, ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் புரட்டிப் போட்ட நேரம் குறித்த தாள் இருக்கிறதா என்று பார்க்கலாம். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை வலது, நேர், இடது என்று குறிப்பு இருக்க வேண்டும். எல்லாக் கட்டமும் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் சேர்த்து மொத்தமாக நிரப்பியிருந்தால் அது கணக்குக்கு எழுதியது. ஏர் பெட் எத்தனை இருக்கிறது என்றும் கேளுங்கள். அது இருந்தாலும் புரட்டிப் போடத்தான் வேண்டும், "ஏர் பெட் இருக்கு, படுக்கைப்புண் வராது" என்று சொல்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

யாருடைய கையையாவது கட்டிலோடு கட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குழம்பிப்போய்க் குழாயைப் பிடுங்குகிறவரை அமைதிப்படுத்த மருந்து இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். மலச்சிக்கலோ மூத்திர அடைப்போகூட அந்தக் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும், அதைத் தேடிச் சரிசெய்வதுதான் வேலை. கட்டிப்போட்டால் அந்தக் காரணம் அப்படியே இருக்கும்.

உறவினர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். "இங்கே எப்படிங்க?" என்றால் "பரவாயில்லைங்க" என்பார்கள். "நேத்து ராத்திரி தூங்கினாரா?" என்று கேட்டுப் பாருங்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

கடைசியாக, வார்டில் ஒருவர் இறந்தால் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். திரை இருக்கிறதா, தனி அறை இருக்கிறதா, குடும்பம் அழுவதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள். வழிபாடும் இதோடு சேர்ந்தது. இந்த மாதிரி இடங்களில் பல மத அமைப்புகளோ அறக்கட்டளைகளோ நடத்துபவை. விபூதி பூசிக்கொள்ளவோ, ஓதவோ, ஜெபிக்கவோ, எதுவும் வேண்டாம் என்று இருக்கவோ எல்லோருக்கும் இடம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. டாக்டரிடம் கேட்க நான்கு கேள்விகள்

பாலியேட்டிவ் மருத்துவத்தில் என்ன பயிற்சி எடுத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம், நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அதைவிடப் பதில்களிலேயே தெரிந்துவிடும்.

"மார்பின் கொடுத்தால் வேறென்ன கொடுப்பீர்கள்?" மலமிளக்கி என்பது முதல் வார்த்தையாக வர வேண்டும். மார்பின் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மலத்தைக் கட்டும், அந்த அவதி வலியைவிடக் கொடுமையாகிவிடும். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பிறகு குறையும் என்பதையும் சொல்ல வேண்டும்.

"திடீரென்று மூச்சுத் திணறினால்?" நல்ல பதிலில் சாய்த்து உட்காரவைப்பது, முகத்துக்கு நேராக மின்விசிறி, குறைந்த அளவு மார்பின், தேவை இருந்தால் ஆக்சிஜன் எல்லாம் வரும். "உடனே ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிடுவோம்" என்பது மட்டுமே பதில் என்றால் நீங்கள் எதைத் தவிர்க்க இங்கே வந்தீர்களோ அதுவே நடக்கும். உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். அப்படி ஒன்று இருந்தால் கோப்பில் நகல் வைப்பீர்களா என்று கேளுங்கள்.

"கடைசி நாட்களில் சாப்பிடாவிட்டால் டிரிப்ஸ் போடுவீர்களா?" இதில் குடும்பங்கள்தான் அதிகம் தடுமாறும். பட்டினி போட்டுவிட்டோமே என்ற தவிப்பு. ஆனால் அடங்கிக்கொண்டிருக்கும் உடம்பு தண்ணீரைப் பயன்படுத்தாது, கை கால் வீங்கும், நெஞ்சில் சளி கூடும். இதைப் பொறுமையாக, உங்களைக் குற்றவாளியாக்காமல் விளக்குகிற டாக்டரைத் தேடுங்கள். கேட்டவுடன் பாட்டிலை மாட்டிவிடுகிறவர் உங்கள் தவிப்பைத் தணிக்கிறார், அதன் பாரம் நோயாளியின் நெஞ்சில் ஏறுகிறது.

"அவருக்கு நோய் பற்றிச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். "சரி சரி" என்று உடனே ஒத்துக்கொள்வதும் சரியில்லை, "கட்டாயம் சொல்லியாகணும்" என்று அதட்டுவதும் சரியில்லை. அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்ப்போம், அவராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டோம், கேட்காததைத் திணிக்கவும் மாட்டோம் என்கிற பதில்தான் பயிற்சி உள்ளவர்களின் பதில்.

8. பணம்

இலவசம் என்றால் கவனிப்பு குறைவு என்றும், பணம் வாங்கினால் நன்றாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். நான் பார்த்த மிக நல்ல வார்டும் இலவசம்தான். கட்டண இடம் என்றால் ஒரு நாள் கட்டணத்தில் எது அடக்கம், எது தனி என்று எழுதி வாங்குங்கள். டயப்பர், டிரஸ்ஸிங் சாமான், ஆக்சிஜன், மருந்து, ஆம்புலன்ஸ், கூட இருப்பவரின் சாப்பாடு. இவைதான் மாதக் கடைசியில் பில்லை இரட்டிப்பாக்கும். முன்பணம் கேட்டால், இரண்டே நாளில் இறந்துவிட்டால் மீதி திரும்ப வருமா என்று கேளுங்கள். கேட்க வாய் வராது, ஆனாலும் கேளுங்கள்.

9. சேர்த்த முதல் மூன்று நாள்

சேர்த்ததோடு வேலை முடியவில்லை. 1ஆம் படியில் எழுதிய தாளை எடுத்து, அதே கேள்விகளுக்கு 3ஆம் நாள் பதில் எழுதுங்கள். வலி எண் இறங்கியிருக்க வேண்டும், ராத்திரித் தூக்கம் கூடியிருக்க வேண்டும், மலம் போயிருக்க வேண்டும். வலி முழுசாகப் போகாவிட்டாலும், அளவை மாற்றிப் பார்த்ததற்கான குறிப்பு கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். எண்ணும் இறங்கவில்லை, மருந்தும் மாறவில்லை, டாக்டரிடம் கேட்டால் "இந்த நோய்க்கு இப்படித்தான் இருக்கும்" என்றால் 4ஆம் படியில் மிஞ்சிய இடங்களில் அடுத்த இடத்துக்கு அன்றே போன் போடுங்கள். மாற்றுவதில் அலைச்சல் உண்டுதான். என் அப்பாவை நாங்கள் மாற்றினோம். இரண்டாவது இடத்தில் நாலாம் நாள் காலை அவர் காபி கேட்டார், ஃபிளாஸ்க்கில் கொண்டுபோனதை ஸ்பூனில் கொடுக்க நர்ஸே கட்டிலை உயர்த்திக் கொடுத்தார்.

10. இறந்த பிறகான காகிதம்

இதையும் முன்பே கேட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. இறப்பின் காரணத்துக்கான மருத்துவச் சான்றிதழ், மருத்துவமனை போன்ற நிறுவனத்தில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் படிவம் 4ஏ. வீட்டுச் சேவை எடுத்திருந்தால், விடியற்காலை மூன்று மணிக்கு இறந்தால் எந்த டாக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை என்றால் யார் என்று பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல், நோயாளியை ஒருநாளும் பார்த்திராத டாக்டர்களிடம் விடிய விடிய அலைந்து, தகனமே தள்ளிப்போன குடும்பங்கள் உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணமும் கூடுதல் காகிதமும் கேட்பார்கள். மிச்சமிருக்கும் மார்பின் மாத்திரைகளை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், எண்ணி அந்தக் குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.